க்ரூமுக்கு ஓர் அஞ்சலித் தாள்

ஏழு மணி ரொட்டி வண்டி வர இன்னும் கால் மணி இருந்தது. தெனிட்சா தாளை க்ரூமின் இரும்புக் கதவில் வைத்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தாள். கறுப்புக் கரை, மேலே சிலுவை, நடுவில் க்ரூமின் படம். வேட்டைக்காரர்கள் விருந்தில் எடுத்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

ஊரில் யார் செத்தாலும் வீட்டுக் கதவில், கடைச் சுவரில், மின்கம்பத்தில் இப்படித் தாள் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் மறுபடி ஒன்று. நூலகக் கணினியில் அவற்றை அடித்துத் தருவது தெனிட்சாவின் அம்மா தெமெனுகா. படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். மற்ற வரிகள் எல்லாச் சாவுக்கும் ஒன்றுதான்.

தெனிட்சாவின் தோழன் வெலினின் நாற்பதாம் நாள் தாள் போன வாரம் ஒட்டினார்கள். பத்து வயது என்று போட்டிருந்தது. படத்தின் ஓரத்தில் பாதித் தோள் ஒன்று தெரியும். அது தெனிட்சாவின் தோள். அம்மா அவளை வெட்டிவிட்டு அவனை மட்டும் வைத்திருந்தாள்.

ஆகஸ்டில் தெனிட்சா வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு க்ரூமின் மக்காச்சோளக் கொல்லைக்குள் ஓடியது. நான் பிடிக்கிறேன் என்று வெலின் பின்னால் ஓடினான். காட்டுப்பன்றிக்காகக் க்ரூம் கம்பி கட்டி, அதில் வீட்டு மின்சாரத்தை விட்டிருந்தான். ஆடு தாண்டிவிட்டது. வெலின் தாண்டவில்லை.

பையன் கதிர் திருட வந்தான் என்று போலீஸிடம் க்ரூம் சொன்னான். தெனிட்சா ஆட்டைப் பற்றிச் சொன்னாள். சின்னப் பிள்ளை பேச்சு என்று எழுதாமல் விட்டார்கள். வழக்கு நடக்கிறது என்றார்கள். க்ரூம் கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். கம்பியைக் கழற்றிவிட்டான். சொன்ன சொல்லை மட்டும் கழற்றவில்லை.

அவள் போட்ட கணக்கு இது. தாளைப் பார்த்ததும் ஊர் பூவோடு ஓடிவரும். க்ரூம் உயிரோடு வந்து நிற்பான். எல்லாரும் சிரிப்பார்கள். எவன் ஒட்டியது என்று கத்துவான். அப்போது கூட்டத்தின் நடுவே போய் நின்று, நான்தான் என்று சொல்லி, வெலின் எதற்கு வந்தான் என்பதைக் க்ரூம் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

'ஆறாத் துயருடன்' என்பதன் கீழே யார் பெயரைப் போடுவது என்று மட்டும் தெரியவில்லை. அவன் மனைவி இத்தாலிக்கு வேலைக்குப் போனவள், திரும்பவில்லை. தெனிட்சா அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

வண்டி வந்தது. எதிரே கடை வாசலில் வரிசை நின்றது. தபால் கொடுக்கும் மின்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவருகே போய்ப் படித்தாள்.

"க்ரூம் போயிட்டானாம்."

"எப்படியாம்?"

"அது போடல."

"கரண்ட்டா இருக்கும்," என்றான் ரொட்டிக்காரன். யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

மின்கா கண்ணாடியை உறையில் போட்டாள். "எனக்கு ரெண்டு. கருகாததாப் பாத்துக் குடு."

அவ்வளவுதான். யாரும் கதவைத் தட்டவில்லை. பெண்டாட்டியை அடித்தவன் செத்தால்கூடக் காபி கொதிப்பதற்குள் வாசலில் பூ சேர்ந்துவிடும் ஊர் அது.

சற்றுக் கழித்துக் க்ரூம் வெளியே வந்தான். படித்தான். கை தாளை நோக்கிப் போனது. கடை வாசலில் நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள். ஒருவர்கூட அதிரவில்லை. க்ரூம் கையை இறக்கினான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

சனிக்கிழமை. பள்ளி இல்லை. தெனிட்சா நூலக ஜன்னலில் நின்றாள். அம்மா வந்து அச்சு இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள்; சூடு இன்னும் ஆறவில்லை. தெருவைக் கடந்து போய்த் தாளைப் படித்தாள். தெனிட்சா அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டாள். அம்மா, ஒரு மூலையில் பிரிந்திருந்த டேப்பைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வயசு தப்பு," என்றாள். "அம்பத்தாறு."

சாயங்காலம் வரை ஒரு பூ வரவில்லை. தெனிட்சா போய்க் கதவைத் தள்ளினாள். க்ரூம் முற்றத்தில் நாற்காலி போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். துவைத்த சட்டைக்கு மாறியிருந்தான்.

நீதானா என்று கேட்டான். ஆமாம் என்றாள். ஜெயில் என்று ஏதோ ஆரம்பித்து, நடுவிலேயே விட்டான்.

"மின்காகூடவா வரல?" அவள் வீட்டு விறகையெல்லாம் வெட்டிப் போடுகிறவன் அவன்.

"வந்தாங்க. படிச்சாங்க. ரொட்டி வாங்கிட்டுப் போனாங்க."

அவன் தரையைப் பார்த்தான். தோள் இரண்டும் தொங்கிப்போயின. தெனிட்சாவுக்கு அது இனித்தது. இன்னும் வேண்டும்போல் இருந்தது.

"வெலின் எதுக்கு வந்தான்?"

க்ரூம் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"ஆடு புடிக்கத்தான் வந்தான்னு கடை வாசல்ல நின்னு சொல்லுங்க. அது வரைக்கும் நீங்க செத்தவருதான். நாளைக்கு எல்லாக் கம்பத்துலயும் ஒட்டட்டுமா, மாமா?"