கோச்சியா, குதிரையா

தார் போடும் வேலை முடித்து வந்தால் காலில் ஒட்டியிருப்பதை மண்ணெண்ணெயும் தென்னந்தும்பும் வைத்துத்தான் உரிக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க மண்டைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் றோட்டு வேலை இருந்தது. பின்னேரம் நான் கிணற்றடியில் குந்த, என் மகள் ஞானசவுந்தரி தும்பை எடுத்துக்கொண்டு எதிரே குந்துவாள். எட்டு வயது. ஒரு காலை உரசி முடிக்கையில் கொழும்பு என்பாள். மற்றக் காலை முடிக்கையில் நெடுந்தீவு என்பாள்.

நான் வேலையில் நிரந்தரமானது அந்தத் தையில்தான். நிரந்தரமானவன் குடும்பத்தோடு கோச்சியில், ரயிலில், காசில்லாமல் போய்வர அரசாங்கம் ஒரு கடுதாசி தரும். வாறண்ட் என்பார்கள். கந்தோரில் கிளாக்கர் அதில் விரல் வைத்துக் காட்டினார்.

"இது நீர். இது உம்மட மனிசி. இது பிள்ளைக்கு அரை ரிக்கற். கவனமா வையும், மார்கழி முடிஞ்சா இது செல்லாது."

எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. விரல் வைத்த இடங்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். வீட்டில் அந்தோனியார் படத்துக்குப் பின்னால் அதைச் செருகி வைத்தோம்.

அன்று தொடங்கியது வழக்கு. கொழும்பென்றால் கோச்சி, தெகிவளை மிருகக்காட்சிச் சாலையில் யானை, கொட்டாஞ்சேனையில் என் மனைவி மேரிறோசின் ஒன்றுவிட்ட தமக்கை வீடு. நெடுந்தீவென்றால் மேரிறோசின் தம்பி யாகப்பு தன் வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போவான். வெள்ளை மணல், கரையில் அவன் மீன் தொழிலுக்குப் போட்ட வாடிக் குடிசை, காட்டுக் குதிரை. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். லீவு ஒரு கிழமை, ஒரே தரம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சொன்னாப் பிறகு மாத்த ஏலாது" என்றேன் ஒருநாள்.

"அப்ப இண்டைக்குச் சொல்லமாட்டன்" என்றாள்.

ஆனியில் காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாரந்தனைச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். அடுத்த திங்கள் நான் தார் வாளியைத் தூக்கினேன். அழுதேனா என்று கேட்டால் தெரியாது. தார்ப் புகையில் எல்லாருக்கும் கண் எரியும்.

மேரிறோஸ் சமைத்தாள், கூட்டினாள், தண்ணீர் அள்ளினாள். கதை பேச்சு மட்டும் இல்லை. சோறு போட்டால் கோப்பையை என் பக்கம் தள்ளுவாள், அவ்வளவுதான். என் காலை நானே உரசிக்கொண்டேன். நகத்தடிக் கறுப்புப் போகவில்லை. அதை அப்படியே விட்டேன்.

புரட்டாதி பிறந்ததும் ஓவசியர் கேட்டார்: "அம்புறோஸ், லீவை எடுக்கிறீரோ இல்லையோ? மழை துவங்கினாப் பிறகு ஒருத்தருக்கும் தரமாட்டன். உடைஞ்ச றோட்டுக்கு ஆள் வேணும்."

வேண்டாம் என்றிருக்கலாம். "எடுக்கிறன் ஐயா" என்றுதான் வாயில் வந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது வேலணைக் கதிர்காமு புத்தி சொன்னான். என்னோடு வாளி தூக்குகிறவன். கலியாணம் கட்டிய புதிதில் ஒருதரம் கொழும்பு பார்த்தவன்.

"கொழும்புக்குப் போ அம்புறோசு. மனிசிக்கும் ஒரு மாறுதலாயிருக்கும். காலிமுகத்திலை பின்னேரம் பாக்கோணும், பெரிய பெரிய ஆக்களெல்லாம் காரிலை வந்திறங்கி, கடலைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கினம்."

"கடலையோ?"

"ஓம், கடலைத்தான்."

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த றோட்டின் இரண்டு பக்கமும் கடல்தான் கிடந்தது. எல்லாரும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நாங்களும் பெரிய ஆக்கள்தான்" என்றான் இன்னொருவன். "விடிஞ்சாப் பொழுதுபட்டா உந்தக் கடலைத்தானே பாக்கிறம்."

"நீ கடலைப் பாக்கிறது ஓவசியருக்குத் தெரியும். அதுதான் உன்னை இன்னும் நிரந்தரமாக்கேல்லை" என்றான் கதிர்காமு.

சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

அன்று பின்னேரம் மேரிறோசிடம் கேட்டேன். "லீவு தாறாராம். எங்கையாவது போவமோ?"

மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "பிள்ளை எங்கை போகோணுமெண்டு சொன்னது?"

அவள் போன பிறகு, பிள்ளை என்ற சொல் இவள் வாயில் வந்தது அன்றுதான்.

"கொழும்பு. காய்ச்சல் வாறதுக்கு முதல் நாள், கிணத்தடியிலை. கோச்சியிலை யன்னல் பக்கம் தனக்குத்தான் எண்டவள்."

"இல்லை. ஆசுபத்திரியிலை என்னட்டைச் சொன்னவள். குதிரை எண்டு."

"அது காய்ச்சலிலை சொன்னது."

"காய்ச்சலிலை சொன்னா அவள் சொன்னதில்லையோ?"

"உனக்கு நெடுந்தீவிலைதான் எண்ணம். அதுதான் உனக்கு அப்பிடிக் கேட்டது."

"உங்களுக்குக் கொழும்பெண்டு கேட்ட மாதிரி."

கத்தியைக் கழுவி வைத்தாள். "இஞ்சேருங்கோ, அவள் கடைசியா எந்த இடம் சொன்னவளோ அங்கை போவம். வேறை இடமெண்டா நீங்கள் தனியப் போங்கோ. நான் வரேல்லை."

எனக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். ஆனால் யன்னல் பக்கம் என்று பிள்ளை சொன்னதை நான் கேட்டேன். அதை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சில நாள் இப்படியே போனது. நான் யன்னல் என்பேன், மேரிறோஸ் குதிரை என்பாள். சண்டையென்று சொல்ல ஏலாது. இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு அவள் கொஞ்சம் நேரம் எதிரே நின்றாள்.

ஒருநாள் குசினிக்குள்ளிருந்து ஒரு ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பினாட்டு. பனம்பழக் களியைக் காயவைத்துத் தட்டுத்தட்டாக மடித்தது.

"குதிரைக்குக் குடுக்க எடுத்து வைக்கச் சொன்னவள். நான் வைச்சிருக்கிறன்" என்றாள்.

என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. "சரி, நெடுந்தீவு" என்றேன்.

யாகப்புவின் மெசின் பூட்டிய வள்ளம் விடியக் காலையில் ஊர்காவற்றுறையில் நின்றது. என் காலைப் பார்த்தான்.

"அத்தான், உந்தக் காலோடை ஏறாதேயுங்கோ. பிறகு என்ர மீனெல்லாம் தார் மணக்குமெண்டு ஒருத்தரும் வாங்காயினம்."

"உன்ர மீன் மணக்கிற மணத்துக்கு, கொஞ்சம் தார் பட்டா நல்லது."

சிரித்தவன் தமக்கையின் முகத்தைப் பார்த்ததும் மெசினைக் குனிந்து பார்க்கத் தொடங்கினான். சோழகக் காற்று அடங்கியிருந்தது. மேரிறோஸ் ஓலைப்பெட்டியை மடியில் வைத்து, தண்ணீர் தெறிக்காமல் முந்தானையால் மூடியிருந்தாள்.

மணல் வெள்ளைதான். வாடிக்கு முன்னால் இருந்தோம். கடல் வந்தது, போனது. ஓய்வென்றால் இதுதான் போல. கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அன்று பகல் முழுக்க நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் காலை குதிரை பார்க்க நடந்தோம். கல்லடுக்கிய வேலிகளுக்கு அப்பால் வெறும் வெளி. அங்கே சீதேவி என்ற மனிசி மாடு சாய்த்துக்கொண்டு நின்றாள். வழி கேட்டோம்.

"உங்கை, அந்தக் கேணிப் பக்கம் நிக்கும். மழை இல்லாமல் அதுகள் படுற பாடு. கிட்டப் போகாதேயுங்கோ, உதைக்கும். குதிரை பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

"பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. பிள்ளையள்தான் உதுகளைப் பாக்க ஆசைப்படுங்கள்."

"ஒரு பிள்ளைதான்" என்றாள் மேரிறோஸ். "வரேல்லை."

"பள்ளிக்கூடமாக்கும்."

மேரிறோஸ் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினாள். சீதேவி மாட்டுக்குப் பின்னால் போய்விட்டாள்.

கேணி வற்றி, அடியில் சேறு வெடித்துக் கிடந்தது. அதைச் சுற்றிக் குதிரைகள் நின்றன. சின்னக் குதிரைகள். விலா எலும்பு வரிவரியாகத் தெரிந்தது. ஒன்றின் முதுகில் புண், அதில் இலையான் மொய்த்தது. எங்களுக்கு வாலைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. மேரிறோஸ் பினாட்டை எடுத்து நீட்டினாள். ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனது. மற்றவையும் அதன் பின்னால் போயின. பினாட்டை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வந்து பற்றை நிழலில் இருந்தோம். வெயில் ஏறியது. குதிரை வரவில்லை. எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து கல்லின் மேல் காலைப் போட்டது.

"இவ்வளவுதானோ?" என்றாள்.

"இவ்வளவுதான்."

குதிரைகள் போன பக்கம் பார்த்தாள். "ஏறியிருந்து ஓடலாமெண்டு நினைச்சிருப்பாள்" என்றாள். பிறகு சொன்னாள்: "இதைக் கண்டிருந்தா, கொழும்பெண்டுதான் சொல்லியிருப்பாள்."

நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லலாம். சொல்ல விருப்பம் வரவில்லை. வென்றது போலவும் இல்லை.

"ஓம்" என்றேன்.

"அந்தக் கடுதாசி இன்னும் செல்லுமோ?"

"மார்கழி முடியுமட்டும் செல்லும். லீவுதான் இனி இல்லை."

"அதிலை அவளின்ர அரை ரிக்கற் இருக்கோ?"

"இருக்கு."

"வெட்டுவிக்கேல்லையோ?"

"கந்தோரிலை ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

"சொல்லாதேயுங்கோ" என்றாள். "திருப்பியும் குடுக்காதேயுங்கோ. செல்லாமல் போனாலும் பறவாயில்லை. அந்தோனியாருக்குப் பின்னாலை மூண்டு பேரும் கிடப்பம்."

தலையாட்டினேன். அவளுக்கு அது போதும் போலிருந்தது. பெட்டியில் கொண்டுவந்த சோற்றைப் பிரித்து எனக்குத் தந்தாள். தானும் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள்.

ஆடு பினாட்டை முழுக்கத் தின்று முடித்துவிட்டு எங்களிடம் வந்தது. இன்னும் இருக்கிறதா என்பது போல நின்றது. மேரிறோஸ் முந்தானையை விரித்து, ஒருதரம் உதறி, அதற்குக் காட்டினாள்.