சீந்தில் இலை

தேவசிகாமணியின் விரல்களில் ஒட்டியிருந்த ஆரஞ்சுச் சாயத்தைச் சாரம்மாள் ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது போகவில்லை. சவப்பெட்டி வந்துவிட்டதாக வாசலில் யாரோ சொன்னார்கள்.

"அண்ணன் கடைசியா என்ன சொன்னாவ, மதினி?" கொழுந்தன் சுவிசேஷமுத்து கேட்டான்.

"ஆண்டவர் பேரச் சொன்னாவ" என்றாள், நிமிராமல்.

விடியற்காலையில், மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டது, "எலை போட்டியா?" என்பதுதான். "போட்டுட்டேன்" என்றாள். போடவில்லை. அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் அவர் சித்திர வாத்தியார். பாபநாசத்துத் தோட்டங்களில் நாரத்தம்பழங்கள் துளை விழுந்து உதிர்ந்ததை 1907இல் பார்த்தார். வௌவால் என்றார்கள் தோட்டக்காரர்கள். இல்லை, ஒரு அந்துப்பூச்சி என்றார் இவர். உட்கார்ந்தால் காய்ந்த சருகு. மேல்சிறகு விலகினால் உள்ளே ஆரஞ்சு நிறம், நடுவில் கறுப்புக் கீற்று. அதன் புழு சீந்தில் இலையைத் தவிர வேறெதையும் தொடாது. வீட்டிலேயே ஒரு கூடையில் அந்தப் புழுக்களை வளர்த்தார், வெளிவரும் பூச்சிகளைச் சாயம் தீட்டி வரைந்தார். ஐந்து வருஷமாகச் சாப்பாட்டு நேரத்திலும் இதே பேச்சு. வேறு எதைப் பற்றியும் அவர் அவளிடம் பேசியதில்லை. இதை அவளும் காதில் வாங்கியதில்லை.

"துக்கத்துக்கு ஆள் வருதாவ. இந்தப் புழுக்கூடைய வெளிய கொட்டிரட்டா, மதினி?"

"அங்கனயே இருக்கட்டும்."

அடக்கம் முடிந்தது. வெயில் சாயுமுன் சுவிசேஷமுத்து நாங்குநேரிக்கு வண்டி பூட்டினான். "எங்ககூட வந்துருங்களேன்."

"பொறவு பாப்போம்."

வண்டி மறைந்ததும், கல்லறைக்கு உடுத்திப்போன வெள்ளைச் சேலையோடே கால்வாய்க்கரை வேலிக்குப் போனாள். சீந்தில் கொடி எட்டவில்லை. எக்கி எக்கிப் பார்த்தாள். தண்ணீர் எடுக்க வந்த அடுத்த வீட்டு ஆசியா உம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"வாத்தியாரம்மா, இன்னைக்குமா இது?"

"நேத்துலருந்து பட்டினி கெடக்குல்லா."

ஆசியா உம்மாள் கொடியைப் பிடித்து வளைத்துக் கொடுத்தாள். சாரம்மாள் மடி நிறையப் பறித்தாள்.

கூடையில் பதினோரு புழுக்கள். மூன்று சுருண்டு செத்திருந்தன. மற்றவற்றுக்கு இலையைப் பரப்பினாள். வெகு நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒன்று பைய தலையைத் தூக்கி இலையின் ஓரத்தைப் பற்றியது. அவள் குனிந்தபடியே நின்றாள்.

விளக்கேற்றும் நேரத்தில் ஆசியா உம்மாள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சாரம்மாள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். சீந்தில் சாறு விரல்களில் காய்ந்திருந்தது, சோறெல்லாம் கசப்பு. கை கழுவ எழுந்திருக்காமல் அடுத்த கவளத்தை எடுத்தாள்.