மேனேஜர் மகள்

கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் விஷயம் இவ்வளவுதான். தந்தை மேலாளர் பதவியில் இருப்பதால் பாதிக் கட்டணச் சலுகை கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் முழுத் தொகையும் கட்டாவிட்டால் சீட்டு வேறு ஒருவருக்குப் போய்விடும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் வீட்டுக்காரர் டயர் கம்பெனி குடோனில் சரக்கு எழுதும் கிளார்க். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி, அதே ரப்பர் நாற்றம். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். இரண்டு சம்பளத்தையும் சேர்த்துப் பிழிந்தாலும் பாதிக் கட்டணத்துக்கு மேல் சொட்டாது.

"மேனேஜர்னு எழுத உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

"நான் எங்க எழுதினேன்? ஃபார்ம அவதான் நிரப்பினா."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா மேனேஜர்தானே?"

அவள் சின்னவளாக இருந்தபோது இவர் விட்ட பீலா அது. இப்போதாவது ஒப்புக்கொள்வார் என்று பார்த்தேன். "ஆபீஸ்ல பதவிப் பேரையெல்லாம் மாத்திட்டாங்கம்மா" என்று கூசாமல் சமாளித்தார். நானாவது அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். உடைக்க வேண்டிய இடத்தில் உடைப்போம் என்று விட்டுவைத்தேன்.

கம்பெனியிலிருந்து லெட்டர் வாங்கிக் கொடுத்தால் சலுகை கிடைக்கும். கையெழுத்துப் போட வேண்டிய நிஜ மேனேஜரோ இவரிடம் வேலை பழகியவன். அவனிடம் போய் நிற்க மாட்டேன் என்று இரண்டு நாள் முரண்டு பிடித்தார். வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மகளையும் இழுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். அவர் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்றேதான் அவளை இழுத்துப் போனேன். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

டயர் அடுக்குகளுக்கு நடுவே, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பேனாவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேனேஜர் நல்ல மாதிரி. "என்னண்ணே, என்கிட்ட கேக்க என்ன தயக்கம்?" என்றபடி அவனே லெட்டரை அடித்துக் கையெழுத்துப் போட்டான். நான் வாங்கி மகளிடம் நீட்டினேன்.

"சத்தமா படி. தப்பு கிப்பு இருக்கான்னு பாப்போம்."

படித்தாள். 'சரக்கு எழுத்தர்' என்ற இடத்தில் குரல் தடுக்கியது. இரண்டாவது தடவை சரியாகப் படித்தாள். அவர் ஒரு டயரின் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "இப்பத் தெரிஞ்சுதா உங்கப்பா வண்டவாளம்?"

அவள் லெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்பா பொய் சொன்னாரு, சரி. வருஷா வருஷம் ஸ்கூல் டைரில அப்பா வேலை மேனேஜர்னு நான் எழுதினேனே, கீழ கையெழுத்துப் போட்டது நீதானேம்மா?"