தங்கவேலை

பழவேற்காட்டுக் கோட்டை வாசலில், புன்னை மரத்தடியில் உட்கார்ந்து ஊராருக்கு ஓலை எழுதிக் கொடுத்துவந்த சுப்பராயலுவுக்கு இலக்கணம் தலைகீழ்ப் பாடம். இரண்டாம் வேற்றுமையின் ‘ஐ’ வந்தால் அடுத்து வரும் க, ச, த, ப இரட்டிக்க வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொல்வார், அவ்வளவுதான். எழுதும்போது அந்த விதிக்கும் அவர் கைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எழுதியதைத் திரும்பப் படிக்கும் வழக்கமும் இல்லை. படித்தவனுக்கு அது எதற்கு என்பது அவர் எண்ணம்.

மற்றவர் பிழை மட்டும் பளிச்சென்று கண்ணில் படும். கோட்டையை ஆண்ட ஒல்லாந்தருக்கு நம் ஓலைகளைப் படித்துச் சொல்லும் துபாஷி அந்தோணிசாமி, ஒருநாள் வாசலில் ஓர் அறிவிப்பு ஓலையைக் கட்டியிருந்தார். ‘இங்கே படகை கட்டாதே’ என்றிருந்தது. பத்துப் பேர் நடுவில் சுப்பராயலு சிரித்தார்.

“‘படகைக் கட்டாதே’ன்னு இருக்கணும், துபாஷியாரே. ஒரு ககரம் எங்க போச்சு?”

“படிக்கிறவனுக்குப் புரியும்ல?”

“எழுத்துல இன்னா இருக்கோ அதத்தான் படிக்கணும். உம்ம மனசுல இருக்கறத யாரு படிக்கிறது?”

அந்தோணிசாமி முகம் சுண்டிப்போய் உள்ளே போனார்.

மாசி மாதத்தில் கோட்டைக்குப்பத்து வேலம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். அவளுடைய ஒரே மகன் தங்கவேலின் வலை, கடலில் நின்ற கப்பலின் நங்கூரக் கயிற்றில் சிக்கிவிட்டது. வலை கிழியாமல் இருக்க அவன் கயிற்றை அறுத்துவிட்டான். கோட்டை ஆட்கள் அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். கப்பல் கிளம்பும்போது அவனையும் ஏற்றிப் பத்தாவிக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு. கடல் கடந்து பத்தாவிக்குப் போனவன் திரும்பி வந்ததை அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை.

“எம்மவன் தங்கவேல குடுத்துடுங்கன்னு எழுதுங்க ஐயா. எனக்கு வேற நாதி இல்ல” என்று அழுதாள்.

வீட்டில் நண்டுக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. சுப்பராயலு எழுத்தாணியை எடுத்து விறுவிறுவென்று கீறினார். சுருக்கமாக எழுதுவதில் அவருக்குப் பெருமை உண்டு. அதனால் ‘என் மகன்’ என்பதையும் தள்ளிவிட்டு, ‘கோட்டையில் இருக்கும் தங்கவேலை கொடுத்து ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும்’ என்று முடித்தார். வேலம்மாவின் பேச்சில் ககரம் இரட்டிக்கவில்லை. காதில் விழுந்தபடியே கையும் எழுதிவிட்டது.

நான்காம் நாள் காலையில் பதில் ஓலை வந்தது. வேலம்மா அதை மடியில் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தாள்.

“படிங்க ஐயா. எப்ப வுடறாங்களாம்?”

சுப்பராயலு படித்தார். ‘கோட்டை நாணயப் பட்டறையில் இப்போது தங்க வேலைக்கு ஆள் தேவையில்லை.’

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தான் எழுதிக் கொடுத்த வரி நினைவுக்கு வந்தது. ஓலையில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. ஒரு ககரம் கூடுதலாக இருந்திருந்தால் தங்கவேல் என்ற ஆள். அது இல்லாததால் தங்கத்தில் செய்கிற வேலை. துபாஷிக்குப் புரியவில்லை என்று பழி போட்டுவிடலாம். வேலம்மாவுக்கு எழுத்தும் தெரியாது. ஆனால் ஏரிக்கரையில் கைதிகளை ஏற்றிப்போகும் படகு நின்றிருந்தது. உச்சிக்குள் கிளம்பிவிடும்.

“வேலம்மா, நான் தப்பா எழுதிட்டேன். ஓர் எழுத்து வுட்டுட்டேன்.”

“ஓர் எழுத்தா?”

“ஒண்ணுதான். வா, ஓடலாம்.”

கோட்டை வாசலுக்கு வந்த அந்தோணிசாமி நடந்ததை நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“எழுத்துல இருந்ததத்தான் நான் தொரைக்குப் படிச்சேன். நீர் சொல்லிக் குடுத்ததுதானே?”

குத்திக்காட்டினாரா, உள்ளதைச் சொன்னாரா என்பது சுப்பராயலுவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“தப்பு என்னோடதுதான், துபாஷியாரே. அவனைக் காப்பாத்தும்.”

“மொதல்ல ஏன் வேற மாதிரி சொன்னேன்னு தொரை கேப்பாரு. பிழை உம்முதுன்னு உம்ம கையால எழுதிக் குடும். கூடவே புது மனுவும்.”

சுப்பராயலு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கீறினார், கீறியதை வாய்விட்டுப் படித்தார். வேலம்மா படகையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சீக்கிரம் எழுதேன்யா!”

“அவசரமா எழுதித்தாம்மா இப்படி ஆச்சு.”

‘என் மகன் தங்கவேலைக் கொடுத்து’ என்ற இடத்தில் எழுத்தாணியை ஊன்றி, ககரங்களை இரண்டு தரம் எண்ணிவிட்டுத்தான் ஓலையை நீட்டினார்.

வெயில் ஏறும்வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துபாஷி வெளியே வந்து படகுக்காரனை நோக்கிக் கை தட்டினார். இறக்கிவிடப்பட்ட தங்கவேல் முழங்கால் தண்ணீரில் தள்ளாடி நடந்து வந்தான். வேலம்மா அவன் முதுகில் ஓங்கி அறைந்துவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சுப்பராயலுவுக்கும் கண் கலங்கியது.

அழுகை ஓய்ந்ததும் அவள் அவரிடம் வந்தாள்.

“அந்த எழுத்து போடணும்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரியாதவன் எழுதியிருந்தா நான் மன்னிச்சிருப்பேன்யா.”

மகன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மரத்தடியில் எளாவூர்க்காரர் ஒருவர், காலையில் எழுதச் சொன்ன ஓலைக்காகக் காத்திருந்தார். அது எழுதி முடித்துத் தயாராகத்தான் இருந்தது. அவர் கையை நீட்டினார்.

“கொஞ்சம் இரும்” என்று சொல்லிவிட்டு, சுப்பராயலு அதை முதல் எழுத்திலிருந்து படித்தார். மூன்று இடத்தில் எழுத்து விட்டிருந்தார்.