சீக்கிரம் தேய்கிற வண்டி

முன்சக்கரத்தின் கடைசி நட்டை அவள் கழற்றிக்கொண்டிருந்தபோது மாமாவின் செருப்புகள் பக்கத்தில் வந்து நின்றன. நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் செருப்பு ஓரிடத்தில் வந்து நின்றால் அடுத்தது புத்திமதிதான் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏம்மா, உள்ள அண்ணனைக் கிடத்தியிருக்கு. நீ வாசல்ல டயர் கழட்டிக்கிட்டு இருக்கே. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"வண்டியில ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்க மாமா."

எதிர்ப்பேச்சுப் பேசுகிற மருமகளைத் துக்க வீட்டில் எப்படித் திட்டுவது என்று மாமாவுக்குத் தெரியவில்லை.

அவளுடைய அண்ணன் நேற்று மாலை இறந்துபோனான். கடைசி ஆளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தான், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினான், இன்னொன்றுக்காகக் குனிந்தான், குனிந்தபடியே இருந்துவிட்டான். எதையோ தேடுகிறார் போலிருக்கிறது என்று அண்ணி விளக்கைப் போட்டாளாம். அதுவரைக்கும் ஒரு தலைவலி என்று படுத்ததில்லை அவன்.

அண்ணனும் தங்கையுமாக நடத்திய டிரைவிங் ஸ்கூல் அது. ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வண்டி, வாசலில் ஒரு போர்டு, இரண்டு மாஸ்டர்கள். அவன் பெரிய மாஸ்டர், அவள் சின்ன மாஸ்டர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டீயரிங் பிடிக்க, மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பயத்தில் ஒரு மிதி, பக்கத்தில் இருப்பவர் அதைவிடப் பயத்தில் இன்னொரு மிதி என்றால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் பேட் என்னத்துக்கு ஆகும்? மற்றவர்கள் வண்டியில் வருடக்கணக்கில் வருவது இதில் ஆறு மாதம் தாங்கினால் பெரிய விஷயம்.

சக்கரத்தை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டுக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தூக்கிப் பார்த்தாள். உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் ஒரே அளவில் தேய்ந்து, பிஸ்கட் போல இருந்தன. காலிப்பர் நகர்கிற இரும்புப் பின்னை விரலால் தள்ளினாள், வழுக்கிக்கொண்டு போனது. வண்டியின் மேல் குற்றமில்லை. எல்லாம் கால் செய்த வேலை. அதிலும் முக்கால்வாசி அண்ணனின் கால். அவள் பாடம் எடுக்கிற மாதங்களில் பேட் இப்படித் தேய்வதே இல்லை. "அவங்களைக் கொஞ்சம் தப்புப் பண்ண விடேண்டா. நீயே முந்திக்கிட்டு மிதிச்சா அவங்க எப்போ மிதிக்கிறது?" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவன் சிரிப்பான், மறுநாளும் முந்திக்கொள்வான்.

நேற்று மதியமே பிரேக் கீச்சிட ஆரம்பித்துவிட்டது. "நாளைக்கு மாத்திடு" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் கடைசிப் பாடத்துக்குப் போனான். நாளைக் காலை நாலு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருந்தது. அதற்கு இரட்டைப் பிரேக் வண்டிதான் கொண்டுபோக வேண்டும். தவறவிட்டால் அடுத்த தேதிக்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அவள் அதைச் சொன்னதும், "டெஸ்டாவது ஒண்ணாவது" என்றார் மாமா. "மாஸ்டரே போனதுக்கப்புறம் ஸ்கூல் எதுக்கு? வண்டியை விலைக்குக் கேட்டு நல்ல ஆள் இருக்கு. சாவியை யார்கிட்டயும் குடுக்காதேன்னு உன் அண்ணிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"நானும் மாஸ்டர்தான் மாமா."

"அது சரி."

அந்த 'அது சரி'யை அவள் நன்றாக அறிவாள். சின்ன மாஸ்டரிடம் பழகமாட்டேன், பெரிய மாஸ்டர்தான் வேண்டும் என்று வாசலோடு திரும்பிப் போனவர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கடைசியில் அவள்தான் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, நடந்ததைச் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அண்ணனின் சட்டைப்பையிலிருந்து எடுத்த வண்டிச் சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. வந்தவர்கள் கையைப் பிடித்து அழுதபோதுகூட அவள் விரல்களை விரிக்கவில்லை. இனி வண்டி அவளுடையது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் நாளை மாலைக்குள் அது யார் வீட்டு வாசலிலோ நிற்கும். வேறு பிழைப்பு சின்ன மாஸ்டருக்குக் கிடைக்காமல் போகாது. ஆனால் அவளுக்கு வேறு பிழைப்பு வேண்டாம், இதுதான் வேண்டும்.

"அண்ணி, பேட் வாங்கிட்டு வந்திடறேன். எடுக்கிறதுக்கு முன்னாடி வந்திடுவேன்."

அண்ணி அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லாதவரைக்கும் லாபம் என்று அவள் கிளம்பிவிட்டாள்.

கடை பக்கத்துத் தெருவில்தான். அவள் தலையைக் கண்டதும் உதிரிபாகக் கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பினார். அவருடைய கை தானாகவே மஞ்சள் டப்பாவை எடுத்தது.

"இல்ல, இந்தத் தடவை ஹார்டு பேட் குடுங்க. அந்த நீல டப்பா."

"அட. மாஸ்டர் ஒத்துக்கிட்டாரா?"

இது பழைய சண்டை. மஞ்சள் டப்பாவில் இருக்கிற சாஃப்ட் பேட் லேசாகத் தொட்டாலே பிடிக்கும், சீக்கிரம் தேயும், சக்கரமெல்லாம் கரி அப்பிவிடும். ஹார்டு பேட் நாளாகும், ஆனால் கொஞ்சம் அழுத்தி மிதித்தால்தான் நிற்கும். 'ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நான் சக்கரத்தைக் கழட்டணும், நீ பக்கத்துல நின்னு டீ குடிக்கணும், நல்லா இருக்கே நியாயம்' என்பாள் அவள். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் டப்பாதான் வீட்டுக்கு வரும். இன்றைக்குத் தடுக்க ஆள் இல்லை.

"அண்ணன் போயிட்டாருங்க. நேத்து சாயந்தரம்."

கடைக்காரர் டப்பாவைக் கீழே வைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து அவளுக்கு எதிரே நின்றார். அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. இரண்டு பேரும் சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீலமே எடுத்துத் தரட்டுமாம்மா?" என்று கடைசியில் கேட்டார்.

அவள் நீல டப்பாவைத் திறந்து ஒரு பேடைக் கையில் எடுத்தாள். நல்ல கனம். ஒரு வருடத்துக்குக் கவலையில்லை. அப்போதுதான் அந்தத் தையற்காரம்மாவின் நினைவு வந்தது.

நாளைய நாலு பேரில் அவளும் ஒருத்தி. மூன்று தடவை தோற்றவள். மூன்று தடவையும் நிறுத்துகிற கோட்டைத் தாண்டிப் போய் நின்றவள். பிரேக் பெடலுக்கு வலிக்கும் என்பதுபோலத்தான் காலை வைப்பாள். இந்த ஒரு மாதமாகத்தான் கோட்டுக்குச் சரியாக நிறுத்துகிறாள். தேய்ந்த சாஃப்ட் பேடிலும் எவ்வளவு தொட்டால் எவ்வளவு நிற்கும் என்று அந்தக் கால் எப்படியோ கற்றுக்கொண்டிருந்தது. நாளை ஹார்டு பேடை மாட்டிக்கொண்டு போனால் அதே கால் அதே மாதிரி தொடும். வண்டி கோட்டைத் தாண்டிப் போகும். நாலாவது தடவையும் தோற்றால் அவள் வண்டிப் பக்கமே வரமாட்டாள்.

இதைத்தான் அண்ணன் சொல்லியிருந்தானா? இல்லை, அவன் எதையும் இவ்வளவு விளக்கமாகச் சொன்னதில்லை. 'புதுசா வர்றவங்க கால் அது, லேசாத்தான் வைக்கும்' என்று மட்டும் ஒரு தடவை சொன்னான். சோம்பேறிக்கு ஒரு சாக்கு என்று அவள் கேலி செய்தாள்.

"மஞ்சளையே குடுங்க" என்றாள். "செத்தும் ஜெயிச்சுட்டான் பாருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவளுக்கு வெட்கமாக இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தீருகிறவரைக்கும் அழுதாள். அண்ணன் வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. சண்டை போடவாவது வேண்டும் என்றிருந்தது.

திரும்பி வந்து பேடை மாட்டினாள். பின்னுக்குக் கிரீஸ் தடவி, சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கியை இறக்கினாள். முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனபோது அண்ணனை எடுக்கத் தயாராகியிருந்தார்கள். தூக்கியவர்களில் பாதிப் பேர் அவனிடம் வண்டி கற்றவர்கள். அவனிடம் கற்ற மற்றவர்கள் வண்டிகளில், மயானம் வரைக்கும் ஒருவரும் ஹாரன் அடிக்காமல் பின்னால் வந்தார்கள். இதைப் பார்த்திருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான்.

மறுநாள் விடிந்ததும் அவளுக்கு வண்டி வேண்டியிருந்தது. புதுப் பேடை அப்படியே டெஸ்டுக்குக் கொண்டுபோக முடியாது, பழக்க வேண்டும். காலியான சாலையில் வேகமெடுத்து, பிரேக்கை அழுத்தி, நடை வேகத்துக்கு வந்ததும் விட்டு, மறுபடி வேகமெடுத்து என்று பல தடவை செய்தால்தான் பேட், சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்கில் ஒட்டி உட்காரும். நடுவில் முழுசாக நிறுத்தக் கூடாது. சூட்டோடு நின்றால் டிஸ்கில் தழும்பு விழுந்து, அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் உதறும்.

சாவியை எப்படிக் கேட்பது என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்து அண்ணி வெளியே வந்தாள். நேற்றுக் கட்டியிருந்த அதே சேலை. சாவியை வண்டியின் மேல் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"அண்ணி, இது உலுக்கும். புதுப் பேடு."

"தெரியும். அவர் பழக்கும்போது நான் வந்திருக்கேன்."

ஊர் முடிகிற இடத்தில் சாலை நேராக இருந்தது. வேகமெடுத்தாள், அழுத்தினாள், விட்டாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அண்ணி முன்னால் சாய்ந்து மறுபடி சீட்டில் விழுந்தாள். சில தடவைகளுக்குப் பிறகு பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் பிரேக்தான் கத்துகிறது என்று நினைத்தாள். அண்ணி அழுதுகொண்டிருந்தாள். குலுங்கிக் குலுங்கி, இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, அவன் உட்காருகிற அந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் போய் அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நிறுத்தக் கூடாது. பேட் கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, என்னால இப்ப நிறுத்த முடியாது. சூடா இருக்கு."

"நீ ஓட்டு" என்றாள் அண்ணி அழுகைக்கு நடுவில்.

ஓட்டினாள். வேகமெடுத்தாள், அழுத்தினாள், விட்டாள். அண்ணியின் அழுகை வண்டியோடு முன்னுக்கும் பின்னுக்கும் போய் வந்தது. கடைசித் தடவை முடிந்ததும் ஜன்னல்களை இறக்கிவிட்டு, பிரேக்கைத் தொடாமல் காற்றில் ஆறவிட்டபடி மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பினாள். புதுப் பேடின் கருகல் வாடை உள்ளே வந்தது. அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

"என்னன்னு அண்ணி?"

"வண்டி குடுக்கிறதுக்கு இல்லேன்னு."

சின்ன மாஸ்டர் தலையை ஆட்டினாள்.

வாசலில் போர்டுக்குக் கீழே தையற்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அவளுடைய பேப்பர்கள். வண்டியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள்.

"டெஸ்டுக்காக வரல மாஸ்டர். சும்மா பார்த்துட்டுப் போலாம்னு..." என்று ஆரம்பித்தவள் பின்சீட்டில் அண்ணியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"மத்த மூணு பேரும் நேரா அங்க வந்திடுவாங்க. நீங்க ஓட்டிக்கிட்டு வாங்க" என்றாள் சின்ன மாஸ்டர். இறங்கி, வண்டியின் முன்னால் சுற்றிக்கொண்டு போய், அண்ணன் சீட்டில் உட்கார்ந்தாள். சீட் அவள் உயரத்துக்கு ரொம்பப் பின்னால் இருந்தது. நெம்புகோலைத் தூக்கி முன்னால் இழுத்துக்கொண்டாள்.

தையற்காரம்மா ஏறி, பெல்ட் போட்டு, சொல்லிக்கொடுத்த வரிசைப்படி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கடைசியாக நடுக் கண்ணாடியைத் திருப்பினாள். அதில் அண்ணியின் முகம் நிறைந்திருந்தது. தையற்காரம்மா கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமலே இருந்தாள்.

அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பின்னால் வருகிற வண்டிகள் தெரியட்டும் என்று ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.