தம்ளரில் ஒரு நந்தியாவட்டை

வள்ளித்தாயைப் பால் காய்ச்சச் சொல்லிவிட்டு யாரும் நம்பி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போக முடியாது. அடுப்பை விட்டு நகரமாட்டாள். கண்ணும் பால்மேல்தான் இருக்கும். ஆனாலும் பால் பொங்கி வழிந்துவிடும். மேலே ஆடை சுருங்கி, ஓரத்தில் நுரை கட்டி, நடுவில் மெல்ல உப்பி எழுந்து வருவதை அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பாளே தவிர, சட்டியை இறக்க வேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வராது. அம்மா சுந்தரம்மாள் ஓடி வந்து தலையில் அடித்துக்கொள்வாள். இந்தப் பெண்ணைத்தான் அப்பா கோமதிநாயகம் பேங்க்கில் உட்கார வைக்க ஆசைப்பட்டார்.

அவர் சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் கிளார்க். அவருடைய அப்பா காலத்தில் குளத்துப் பாசனத்தில் வயல் இருந்தது. குளம் பெருகினால் சோறு, பெருகாவிட்டால் கடன் என்று வளர்ந்தவர். படித்து ஆபீஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வீட்டில் அடுப்பு வானத்தைக் கேட்காமல் எரிந்தது. அதனால் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியதும் அவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. திருநெல்வேலியில் பி.காம்., பிறகு பேங்க் பரீட்சை, பிறகு ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி.

வள்ளித்தாய்க்கோ மெட்ராஸில் ஓவியக் கல்லூரி. அங்கேயும் பட்டம் தருகிறார்கள் என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து அவள் தரையில் நடக்கவில்லை.

"படம் போடுததுக்கு ஒரு பட்டமா?" என்றார் அப்பா. "நம்ம தெருத் தங்கப்பழம் எந்தக் காலேஜ்ல படிச்சான்? சாரத்துல தொத்திக்கிட்டு சுவரு சுவரா சோப்பு விளம்பரம் எழுதலியா? எழுதினாச் சோறு, மழை பெஞ்சா அதுவும் இல்ல. அது மானாவாரிப் பொழப்புட்டி. உனக்கு எதுக்கு?"

"நான் சோப்பு விளம்பரம் எழுதப் போறேன்னா சொன்னேன்?"

"பின்ன என்ன எழுதப் போறே?"

அதற்குத்தான் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் அவள் ஏன் படம் போடப் போகிறாள்?

ஆனி மாதக் காற்று ஊரைப் புரட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆனால் அவள் மச்சுக்கு ஏறிவிடுவாள். மேற்கே, சிவகிரிப் பக்கத்து மலைக்கு மேல் மேகம் அடுக்கடுக்காக நிற்கும். மழையெல்லாம் அங்கேதான். இங்கே அதன் வாசனைகூட வராது, புழுதிதான் வரும். அந்தப் புழுதிக்குள் வெயில் புகுந்து கோவில் கோபுரம் ஒரு நேரம் மஞ்சளாக, ஒரு நேரம் செம்பு நிறமாக, அப்புறம் சொல்லுக்கு அகப்படாத ஒரு நிறமாக மாறும். குருவிகுளம் பக்கம் மேய்ந்த ஆடுகள் திரும்பி வரும்போது தூசியும் ஆடும் ஒன்றாகக் கலந்து, தெரு மட்டும் தனியே எழுந்து நடந்து வருவதுபோல் இருக்கும். வள்ளித்தாய் தண்ணீரில் தொட்ட விரலால் கைப்பிடிச் சுவரில் கோடு இழுப்பாள். காற்று அதைக் காயவைத்து அழித்துவிடும். அழிந்தால் அழியட்டும் என்று மறுபடி இழுப்பாள்.

மெட்ராஸையும் அவள் அந்த மச்சில் வைத்தே கட்டி முடித்துவிட்டாள். அந்த ஊரை ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் என்ன, அவளுடைய கல்லூரியில் உயரமான ஜன்னல்கள் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே வாகை மரம். மாடிப்படியில் சிந்திய சாயம் காய்ந்து கிடந்தது. கூப்பிடு தூரத்தில் கடல். அவள் ஒரு பெரிய துணிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், நிற்கிற அவளை யாரும் "என்னட்டி பராக்குப் பாக்கே?" என்று கேட்கவில்லை. பராக்குப் பார்ப்பதற்காகவே ஒரு கல்லூரி கட்டி வைத்திருக்கிறார்கள்!

இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போட வேண்டிய கடைசி நாள் நெருங்கியது. அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இரண்டு பேருக்கும் நடுவில் சுந்தரம்மாள் மாட்டிக்கொண்டு, "குழம்பு போதுமான்னு அப்பாகிட்டக் கேளு", "அவளுக்கு ரசம் வேணுமாம்" என்று தபால்காரி வேலை பார்த்தாள். அவள் எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கேட்டால், "எனக்கு என்ன தெரியும், நான் என்ன படிச்சேன்?" என்று அடுக்களைக்குள் போய்விடுவாள்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது கோமதிநாயகமே வாயைத் திறந்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அம்மன்கிட்டப் பூக்கட்டிப் போட்டுப் பாத்துருவோம். செவப்புப் பூ வந்தா மெட்ராஸ். வெள்ளை வந்தா பி.காம். அதுக்கு மேல நீயும் பேசப்படாது, நானும் பேச மாட்டேன்."

அந்த வீட்டில் அது புதிதல்ல. நிலத்தை விற்பதா, பெண் கொடுப்பதா என்று குழம்பினால், இலைத் துண்டில் ஒன்றில் சிவப்பும் ஒன்றில் வெள்ளையுமாகப் பூவை வைத்துக் கட்டி, கோமதி அம்மன் முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அது அம்மன் சொன்னது. அதற்கப்புறம் மறுபேச்சுக் கிடையாது. அப்பாவுக்கே அவருடைய கல்யாணம் அப்படித்தான் முடிவானது.

"நீயே கட்டு" என்றார் வள்ளித்தாயிடம். "அப்பா ஏமாத்திட்டாருன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக்கூடாது பாத்துக்கோ."

வெள்ளிக்கிழமை காலையில் சுந்தரம்மாள் கொல்லையிலிருந்து கொஞ்சம் செவ்வரளியும் ஒரே ஒரு நந்தியாவட்டையும் பறித்துக் கூடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வள்ளித்தாய் தலை முழுகி, ஈரம் சொட்டச் சொட்டப் பூஜையறையில் உட்கார்ந்தாள். முதல் பொட்டலத்தில் அரளியை வைத்து வாழைநாரால் கட்டினாள். அடுத்த இலைத் துண்டை விரித்தாள். நந்தியாவட்டையைக் கையில் எடுத்தாள்.

எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பூ வந்துவிட்டால்? அந்த ஜன்னலும் வாகை மரமும் சாயம் சிந்திய படியும் இந்தச் சின்ன வெள்ளைப் பூவால் இல்லாமல் போகும். எல்லாவற்றையும் ஒரு தெரியாத பிள்ளையின் கை தீர்மானிக்கும். அவளுக்கு அழுகை வந்தது. அம்மனை நினைத்தாள். ஊசிமுனையில் ஒற்றைக் காலில் நின்று, அரியும் சிவனும் ஒன்றாகக் காட்சி தரும்வரை காலை இறக்கமாட்டேன் என்று தபசு செய்தவள்தானே? அவள் யாரிடமாவது பூக்கட்டியா கேட்டாள்? நினைத்ததை நின்றே வாங்கவில்லையா? அப்படியென்றால் அவளுக்குப் புரியும். புரியாமல் எப்படி?

இன்னொரு அரளியை எடுத்து இரண்டாவது பொட்டலத்திலும் வைத்துக் கட்டிவிட்டாள்.

இவ்வளவு துணிச்சலாகக் கள்ளத்தனம் செய்தவள் அந்த நந்தியாவட்டையைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்திருக்க வேண்டும். செய்தாளா? செய்யவில்லை. அது அவ்வளவு வெள்ளையாக இருந்தது. ஒரு பித்தளைத் தம்ளரில் தண்ணீர் எடுத்து, பூவை அதில் போட்டு, அடுக்களை ஜன்னலில் வைத்தாள். வெயில் இதழுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. பித்தளையின் மஞ்சள் பூவின் அடிப்பக்கத்தில் தொட்டுக்கொண்டு நின்றது. வெள்ளைக்குள் இத்தனை நிறம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஏட்டி, நேரமாச்சு" என்று சத்தம் போட்ட பிறகுதான் ஓடினாள். அடுக்களைக் கதவைச் சாத்தப் போன அம்மாவுக்குத் திரும்பி வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கோவிலில் கூட்டம். தட்டு சுந்தரம்மாள் கையில் இருந்தது. "நான் புத்துக்கிட்டக் கும்பிட்டுட்டு வாரேன், நீங்க முன்னால போங்க" என்று தட்டோடு புற்றுப் பக்கம் போனாள். அங்கே எடுக்கிற புற்றுமண்தான் இந்தக் கோவில் பிரசாதம். தலைவலிக்கும் பூச்சிக்கடிக்கும் மனக்கவலைக்கும் ஊரில் அந்த மண்தான் முதல் மருந்து. அம்மா வந்து சேர்ந்ததும் பட்டர் பொட்டலங்களை வாங்கி அம்மன் பாதத்தில் குலுக்கிப் போட்டார். பக்கத்தில் நின்ற ஒருத்தியின் இடுப்பிலிருந்த பெண்குழந்தையை இறக்கிவிட்டு, "எடு கண்ணு" என்றார்.

வள்ளித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். எதை எடுத்தாலும் அரளிதான்.

குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைக்கப் போயிற்று. பட்டர் பிடுங்கிப் பிரித்தார்.

இலையில் பூவே இல்லை. ஒரு சிட்டிகை புற்றுமண் இருந்தது.

"என்னய்யா இது?" என்றார் பட்டர். இன்னொன்றையும் பிரித்தார். அதிலும் மண். "இத்தனை காலத்துல நான் இப்படிப் பார்த்ததே இல்லை. அம்மன் என்னமோ சொல்றா."

கோமதிநாயகத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. மண்ணைக் கையில் வாங்கி வெறித்துப் பார்த்தார். பிரகாரத்துக்கு வந்து ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்தார்.

"ரெண்டும் வேண்டாங்குதா அம்மன்" என்றார் மெதுவாக. "பி.காமும் வேண்டாம், மெட்ராஸும் வேண்டாம். பிள்ளையை வெளியூருக்கே அனுப்பாதே, இந்த மண்ணுலயே இருக்கட்டும்னு சொல்லுதா. அம்மன் சொன்ன பிறகு என்ன இருக்கு? விண்ணப்பம் எதுவும் போட வேண்டாம். நல்ல இடமாப் பாத்து முடிச்சிருவோம்."

வள்ளித்தாய் அம்மாவைப் பார்த்தாள். சுந்தரம்மாள் எங்கோ தூரத்தில் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஜன்னலில் இருக்கிற தம்ளர் வள்ளித்தாய்க்கு நினைவு வந்தது. எல்லாம் புரிந்துவிட்டது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுடைய கள்ளத்தனம் யாருக்கும் தெரியாது. அவள் மெட்ராஸும் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

"அப்பா" என்றாள். "அது அம்மன் சொன்னது இல்லப்பா. நான் ரெண்டுலயும் அரளிதான் வச்சுக் கட்டினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளைப் பூ வைக்கவே இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு. எனக்குப் படம் போடணும்பா. என்ன படம்னு இப்பக் கேட்டாலும் சொல்லத் தெரியல. படிச்சு என்ன வேலை கிடைக்கும்னு கேட்டாலும் தெரியல. ஆனா அது இல்லாம என்னால இருக்க முடியாது." இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூக்கும் கண்ணும் ஒன்றாய் ஒழுக ஆரம்பித்துவிட்டன.

"அப்ப மண்ணு?"

"நான்தான் மாத்தினேன்" என்றாள் சுந்தரம்மாள், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெள்ளைப் பூ ஜன்னல்ல இருக்கு, பொட்டலம் ரெண்டும் தட்டுல இருக்கு. எனக்குத் தெரியாதா? பொய்ப் பூவைக் கொண்டு அம்மன் முன்னால வைக்க மனசு வரல. பிள்ளையக் காட்டிக் குடுக்கவும் மனசு வரல. மண்ணு பொய் சொல்லாதுல்லா. அதான் வச்சேன். நீங்க அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பீங்கன்னு நான் கண்டேனா?"

கோமதிநாயகம் கையிலிருந்த மண்ணையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

"வெள்ளைக்கு ஒரு பொட்டலத்துலகூட இடம் இல்லையாட்டி?"

"இல்லப்பா."

"அம்மன் கண்ணைக் குத்தும்னு பயமில்லையா?"

"இருந்துச்சு. அதைவிட பி.காம்.தான் பயமா இருந்துச்சு."

அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சுற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்துக்கோ சுந்தரம். மொத்தமே ரெண்டு பொட்டலம். அதுலயே ஆத்தாளும் மகளுமா இவ்வளவு தில்லுமுல்லு. இவளைக் கொண்டுபோய் பேங்க்ல உக்கார வச்சா ஊரான் பணம் என்னத்துக்கு ஆகும்?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "வேண்டாம் தாயி. நீ படமே போடு. அதுல எத்தனை பொய் வேணும்னாலும் சொல்லிக்கோ."

கையிலிருந்த மண்ணை எடுத்து மகளின் நெற்றியில் பூசினார். பூசிவிட்டு ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மானாவாரி நிலத்தில் விதையை வீசிவிட்டு வானத்தைப் பார்க்கிற பயம் அவரிடம் அப்போதும் போகவில்லை என்று வள்ளித்தாய்க்குத் தெரிந்தது. அதற்காக அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. கோவில் என்பதால் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது கேட்டார்.

"அது சரி, மெட்ராஸ்ல எங்கன தங்குவே?"

வள்ளித்தாய் விழித்தாள். உயரமான ஜன்னல் இருந்தது. வாகை மரம் இருந்தது. கடல்கூட இருந்தது. படுத்துத் தூங்க ஓர் இடம் வைக்க மட்டும் அவள் மறந்துபோயிருந்தாள்.