டிவியில் எல்லாம் பச்சை

தாணப்பன் அண்ணாச்சிக்கு மீன் வாடை ஆகாது. மீன் வைக்கிறவர்கள் தரும் வாடகை மட்டும் ஆகும். மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் ஒரு குளிர் கிடங்கைக் கட்டிப்போட்டுவிட்டு, கொட்டாரம் ஊரிலுள்ள வீட்டில் நெற்றியில் பட்டை போட்டு உட்கார்ந்துகொண்டார். சுத்த சைவமாம், உள்ளே கால் வைக்க மாட்டாராம். சொந்தக் கிடங்கின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது. வீட்டு ஆபீஸில் பெரிய டிவி ஒன்றை மாட்டினால் கிடங்கின் குளிரை அங்கிருந்தே பார்க்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் சபிதா, நாகர்கோவிலில் இந்த மாதிரி வேலைகளை எடுத்துச் செய்கிறவள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கிடங்குக்குள் குளிரை அளக்க ஒரு கருவி, பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதில் எக்ஸ்போர்ட்டர் என்று ஒரு சாஃப்ட்வேர் ஓடும். கருவி சொல்லும் அளவை வாங்கி, அந்த நேரத்தையும் குறித்து, இன்டர்நெட் வழியாக மும்பையில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கே இருக்கிற அளவுகளைப் பார்த்துத்தான் டிவி காட்டும். குளிர் குறைந்தால் அங்கிருந்துதான் எல்லாருடைய போனும் அடிக்கும்.

எக்ஸ்போர்ட்டர் என்று நான் சொன்னதும் அண்ணாச்சியின் முகத்தில் ஒரு களை வந்ததே, பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் எக்ஸ்போர்ட்டர் என்றால் கப்பலில் இறால் அனுப்புகிற பெரிய புள்ளி.

“அப்ப இனி நானும் எக்ஸ்போர்ட்டர்னு சொல்லு.”

“இல்ல அண்ணாச்சி, இது அளவ அனுப்புத சாஃப்ட்வேரு. மீன இல்ல.”

“என்னமோ ஒண்ண வெளியூருக்கு அனுப்புதுல்லா? பொறவு என்ன?”

இந்த மனுஷனிடம் என்ன பேசுவது!

அந்தக் கிடங்கில் பாதி இடம் மீன் விற்கும் பெண்களின் சங்கத்துடையது. தலைவி சகாயசெல்வி. தடைக்காலம் தொடங்கினால் ரெண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாதமும் கூடையில் எடுத்துப் போய் விற்பதற்கென்று அயலையும் சூரையுமாக மீனைச் சேர்த்து உறைய வைத்திருந்தார்கள். அது போனால் அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியாது. நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது செல்வியக்கா வந்து நின்றாள்.

“மக்கா, உள்ள குளிரு போச்சுன்னா எங்க போனு நிச்சயமா அடிக்குமா?”

“அடிக்கும் அக்கா. அங்க அளவே போய்ச் சேரலன்னாலும் அடிக்கும். அதுக்கும் தனியா ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்.”

“அப்ப கொள்ளாம்” என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவு நம்பிக்கை.

இங்கேதான் அண்ணாச்சி தன் புத்தியைக் காட்டினார். திறப்பு விழா வைத்தார். ஒரு சாஃப்ட்வேருக்கு! வீட்டு வாசலில் ‘தாணப்பன் எக்ஸ்போர்ட்டர் துவக்க விழா’ என்று பேனர், அதில் இவர் கைகூப்பி நிற்கிற படம். நாதஸ்வரம், வடை, கேசரி. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் கட்சிக்காரர் ஒருவர் வந்து பட்டனை அமுக்குவதாக ஏற்பாடு. கட்சிக்காரர் என்றைக்கு நேரத்துக்கு வந்தார்? அவர் வந்து இறங்கும்போது ராகுகாலம் பிறந்துவிட்டது.

அண்ணாச்சிக்கு முகம் தொங்கிப் போயிற்று. அப்போதுதான் மருமகன் ஹரிகுமாருக்கு மூளை வேலை செய்தது. மஸ்கட்டில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வந்தவன். மவுஸ் பிடிக்கத் தெரியும் என்பதற்காக மாமனார் வீட்டில் அவன்தான் இன்ஜினியர். ஸ்டூலில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பினான். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, சந்தோஷம். சுவர்க் கடிகாரம்தானே, எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று நானும் வடையைத் தின்றுகொண்டிருந்தேன்.

அண்ணாச்சி டிவியின் மூலையைக் காட்டினார். “மருமவனே, அங்க ராகுகாலம்லா காட்டுது.”

அங்கே ஓடுவது கிடங்குக் கம்ப்யூட்டரின் கடிகாரம். ஹரிகுமார் இங்கிருந்தே அதற்குள் நுழைந்து, நேரம் தானாகச் சரியாகிற வசதியை நிறுத்தி, அதையும் பின்னால் தள்ளினான். நான் வடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“அண்ணாச்சி, அதத் தொடப்படாது! அந்த நேரத்த வச்சுத்தான் எல்லாம் ஓடுது!”

“ஏட்டி, நல்ல காரியத்துல நின்னுக்கிட்டு அபசகுனமா பேசாத. அங்கிட்டுப் போ.”

கட்சிக்காரர் பட்டனை அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் இருந்த போனெல்லாம் அலறத் தொடங்கின. அளவு வந்து சேரவில்லை என்று நான் எழுதி வைத்த எச்சரிக்கை தன் கடமையைச் செய்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“சவத்த அமத்துடே!” என்று அண்ணாச்சி கத்தினார். மருமகன் அந்த எச்சரிக்கையையே அழித்துவிட்டான். சத்தம் நின்றது. டிவியில் பச்சையாக ‘எச்சரிக்கை எதுவும் இல்லை’ என்று வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். செத்தவனுக்கும்தான் தலைவலி இல்லை, அவனுக்கும் கை தட்ட வேண்டியதுதானே.

நடந்தது இதுதான். கிடங்கிலிருந்து போகிற ஒவ்வொரு அளவும் ஒன்றரை மணி நேரம் பழையது என்ற முத்திரையோடு போனது. டிவி மும்பையிடம் ‘இப்போது குளிர் எவ்வளவு’ என்று கேட்டால், இப்போதைய அளவு என்று அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் கெட்ட செய்தியும் இல்லை, ஆகவே பச்சை. அளவு காட்ட வேண்டிய கட்டத்தில் வெறும் கோடு ஒன்று கிடந்தது.

“விழா முடிஞ்சிட்டுல்லா, நேரத்தச் சரியாக்குங்க” என்று கெஞ்சினேன். நல்ல நேரத்தில் தொடங்கியதை நடுவில் மாற்றக் கூடாதாம். மறுநாள் கேட்டால் பாஸ்வேர்டையே மாற்றிவிட்டிருந்தார்கள். இனி எல்லாம் மருமகன் பார்த்துக்கொள்வானாம். போதாததற்கு, கிடங்குக் கதவில் இருந்த பழைய முள் தெர்மாமீட்டரையும் கழற்றிவிட்டார்கள். டிவி இருக்கும்போது அது எதற்காம்!

செல்வியக்காவிடம் சொல்லிவிட்டேன். “அந்த அலாரத்த நம்பாதீங்க அக்கா. தெனமும் போய்க் கண்ணால பாருங்க.” அவளும் போனாள். காவலாளி ரத்தினம் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் குளிர் போய்விடும், கொட்டாரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று முதலாளி உத்தரவாம். உள்ளே இருப்பது அவளுடைய மீன். பார்க்கிற உரிமை, மீனைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிற ஆளுக்கு!

தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. செல்வியக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

“மக்கா, கதவுக்கு அடியில வெள்ளம் வருது. நாத்தமும் வருது. இவன் தொறக்க மாட்டேங்கான்.”

“ஒடைங்க அக்கா. நான் கொட்டாரம் போறேன்.”

வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். அண்ணாச்சி ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே டிவி, பச்சைப் பசேல் என்று. மருமகன் பக்கத்தில் இருந்தான்.

“அண்ணாச்சி, கம்ப்ரசர் நின்னு போச்சு. மீனெல்லாம் அழுகுது.”

அவர் டிவியைப் பார்த்தார். “கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? பச்சையால்லா இருக்கு. கட்டத்தப் பாரு, மைனஸ் காட்டுது. மைனஸ்ல இருந்தாத்தான் கொள்ளாம்னு நீதான சொன்ன?”

அந்தக் கோடு! அளவே இல்லை என்று கிடக்கிற வெறும் கோட்டை மைனஸ் என்று படித்துவிட்டு, இத்தனை நாளும் இந்த மகராசன் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

“மைனஸ் எவ்வளவு அண்ணாச்சி? மைனஸ் பத்தா, இருபதா?”

அவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் டீ டம்ளரைப் பார்த்தான்.

நான் தலையால் அடித்துக்கொள்ளாத குறையாக விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் டெம்போ வந்து நின்றது. ஆளுக்கு முன்னால் வாடை வந்தது. செல்வியக்காவும் நாலைந்து பெண்களும் நேராக உள்ளே வந்து, தண்ணீர் சொட்டுகிற மீன் பெட்டிகளை டிவிக்குக் கீழே வரிசையாக இறக்கினார்கள். அயலையெல்லாம் வயிறு வெடித்துக் கிடந்தது.

“மொதலாளி,” என்றாள் செல்வியக்கா, “உங்க டிவில எங்க மீனு நல்லா இருக்காமே?”

அண்ணாச்சி துண்டால் மூக்கை அமுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினார். “இத மொதல்ல வெளிய எடுங்க! பூசை நடக்குத வீடு!”

“நீங்க அங்க வர மாட்டியளே. அதான் இங்க கொண்டு வந்தோம்.”

“ஏட்டி சபிதா, என்ன வேணும்னாலும் செய், இதுவள வெளிய போவச் சொல்லு!”

ஹரிகுமாரை எழுப்பி விட்டுவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுபேச்சு பேசாமல் பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தான். மும்பைச் சேமிப்பில் எல்லாம் ஒழுங்காகப் பதிவாகித்தான் இருந்தது. கம்ப்ரசர் நின்ற நேரத்திலிருந்து குளிர் குறைந்துகொண்டே போனது, எல்லாம். கேட்கத்தான் ஆளில்லை. கிடங்கின் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டிவி மொத்தமும் சிவந்தது. மேசை மேல் அண்ணாச்சியின் போன் அடித்தது. செல்வியக்காவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவருடையதும் அடித்தது. குளிர் போய்விட்டது, உடனே கவனிக்கவும் என்று. நான் சொன்னபடியே அடித்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

அண்ணாச்சி காதைப் பொத்தினார். “அத அமத்துடே மருமவனே!”

ஹரிகுமார் கையை நீட்டினான். செல்வியக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் பெட்டிகளிலேயே இருந்தது.

“தொடாத தம்பி. எங்க கோயில்ல துக்கமணி அடிச்சா யாரும் பாதியில நிறுத்த மாட்டாவ. முழுசா அடிக்கட்டும்.”